புதுப்பிப்பு: அயோவாவில் பண்ணை உதவிக்கு யாரிடம் போவது?

அயோவாவின் கிராமப்புறக் கவுண்டி ஒன்றில் நாங்கள் வாங்கிய சரிவான நிலத்துக்கு அரசு உதவி கிடைக்குமா, யாரைக் கேட்பது என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது வழி தெரிந்துவிட்டது.

முதலில் போக வேண்டியது அமெரிக்க வேளாண் துறையின் சர்வீஸ் சென்டர். பண்ணைக் கடன், உதவித்தொகைகளைப் பார்க்கும் எஃப்எஸ்ஏ (FSA), மண்வளப் பாதுகாப்பைப் பார்க்கும் என்ஆர்சிஎஸ் (NRCS) என்ற அந்தத் துறையின் இரண்டு பிரிவுகளும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கும். நிலப் பத்திரத்தைக் காட்டி எஃப்எஸ்ஏவில் பண்ணை எண் (உங்கள் பண்ணைக்கான பதிவு எண்) வாங்குங்கள். அப்புறம் என்ஆர்சிஎஸ் அலுவலர் நிலத்துக்கே வருவார், கட்டணம் கிடையாது. மழைநீர் எங்கெல்லாம் மேல்மண்ணை அரித்துப் போகிறது என்று எங்களோடு நடந்தே காட்டினார். அந்த நடை ஒன்றுக்காகவே போகலாம்.

என்ஆர்சிஎஸ் நடத்தும் ஈக்விப் (EQIP) என்ற திட்டத்தில் மூடுபயிர் (வெறும் மண்ணை மூடிக் காக்க வளர்ப்பது), வேலி, புல் வாய்க்கால் (மழைநீர் மண்ணை அரிக்காமல் ஓடப் புல் வளர்த்த வாய்க்கால்) போன்றவற்றின் செலவில் ஒரு பகுதி கிடைக்கும். விவசாயத்துக்கு வந்து 10 ஆண்டு ஆகாதவர்களுக்குக் கூடுதலாகவே தருகிறார்கள், முன்பணமும் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், பணம் வராமல் போகும். இதை அழுத்திச் சொல்கிறேன்.

1985இல் வந்த சிஆர்பி (CRP) என்ற திட்டம் வேறு மாதிரி. அரிப்புள்ள வயலில் பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்த்தால் 10 முதல் 15 ஆண்டு வரை வாடகை தருவார்கள். புதிதாக வாங்கிய நிலத்துக்குப் பொதுவாக 12 மாதம் பொறுக்க வேண்டும்.

சரி, நாங்கள் ஈக்விப்புக்கு விண்ணப்பித்துவிட்டோம். விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள், தேர்வுக்கான கடைசி நாள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.