டயாலிசிஸ் அரிப்புக்கு டைஃபெலிகெஃபாலின் ஊசி யாராச்சும் போட்டிருக்கீங்களா?

நியூஜெர்சில என்கூட இருக்கற அம்மாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ், ராத்திரி பூரா அரிப்பு, சீப்பால முதுகை சொறிஞ்சு சொறிஞ்சு நைட்டி முழுக்க ரத்தக்கறை. டயாலிசிஸ் முடியறப்போ அந்த ட்யூப் லைன்லயே டைஃபெலிகெஃபாலின் போடலாம்னு டாக்டர் சொல்றார். ஓபியாய்டு (அபின், மார்ஃபின் குடும்பம்) வகை மருந்துன்னதும் பகீர்னு ஆயிடுச்சு, ஆனா மார்ஃபின் மாதிரி இல்லையாம், உடம்புல மருந்து போய் ஒட்டற ரிசெப்டர்கள்ல கப்பாங்கற வகையிலதான் வேலை செய்யுமாம், மூளைக்குள்ள பெருசா போகாதாம், 2021லயே எஃப்டிஏ (அமெரிக்க அரசோட மருந்து அனுமதி அமைப்பு) ஓகே பண்ணிருக்கு.

சைடு எஃபெக்ட்ல வயித்துப்போக்கு, ரத்தத்துல பொட்டாசியம் ஏறுறது எல்லாம் சரி பாத்துக்கலாம், தலைசுத்தலும் நடை தடுமாறுறதும்தான் எனக்கு பயம், 65 தாண்டினவங்களுக்கு தூக்கக்கலக்கம் அதிகம்னு வேற போட்டிருக்கு, அம்மா போன மாசம்தான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க (நல்லவேளை எலும்பு உடையல). ஏற்கனவே கபாபென்டின் (நரம்புக்கான மருந்து) வேற ஓடுது, அதுவே ஆளை அசத்தித் தூங்க வெச்சிடும். ரெண்டையும் சேத்து எடுத்தவங்க வீட்டுல யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், அன்னைக்கு வீடு திரும்பறப்போ எப்படி இருந்தாங்க, அரிப்பு குறைய எத்தனை வாரம் ஆச்சு? வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட பதில் சொல்லணும்.