மறு: மறு: ஸ்டாம்ப் ஃபைல் தமிழில்?

நண்பர்களே,

மேக் (make: மூலக்கோப்பு மாறியிருந்தால் மட்டும் அதிலிருந்து உருவாகும் கோப்புகளை மறுபடி உருவாக்கும் நிரல்) கருவி பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை மாணவர் கைக்குப் போகவேண்டும். இலக்கு, சார்பு, விதி என்ற சொற்கள் வரை சிக்கலில்லை. ஸ்டாம்ப் ஃபைலில் நின்றுவிட்டேன். ஒரே கட்டளை நாற்பது கோப்புகளை உருவாக்குகிறது. எதன் நேரத்தைப் பார்த்து 'மறுபடி செய்யவேண்டாம்' என்று மேக் முடிவெடுக்கும்? அதற்காகக் கடைசியில் டச் (touch: கோப்பின் நேரத்தைப் புதுப்பிக்கும், கோப்பு இல்லையென்றால் வெறுமையாக உருவாக்கும் கட்டளை) கொடுத்து ஒரு வெற்றுக் கோப்பு வைக்கிறோமே, அதற்குத்தான் பெயர் வேண்டும். இப்போதைக்கு 'முத்திரைக் கோப்பு' என்று போட்டிருக்கிறேன்.

———

> முத்திரைக் கோப்பு

முத்திரை வடசொல். சோழனுக்குப் புலிப்பொறி, இமயத்தில் சேரன் பொறித்தது வில். பொறி இருக்க இரவல் எதற்கு? பொறிக்கோப்பு.

———

> பொறிக்கோப்பு

எலிப்பொறி என்று நினைப்பார்கள், ஐயா. தீப்பொறியும் பொறி, ஐம்பொறியும் பொறி, இயந்திரமும் பொறி. அப்புறம், அந்தக் கோப்பில் எதையும் பொறிப்பதே இல்லை, அது காலி. மேக் பார்ப்பது கடைசியாக மாறிய நேரத்தை. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து அப்படித்தான். நாற்பதில் ஒன்பதை அழித்துப் பாருங்கள்: வெற்றுக் கோப்பு புதிதாக இருக்கும்வரை மேக் அசையாது. ஆள் போன பின்னும் கிடக்கிற தடம் அது. 'சுவடுக் கோப்பு' என்பேன்.

———

'சுவட்டுக் கோப்பு'. உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டும். முரட்டுக் காளை என்கிறோம், முரடுக் காளை என்பதில்லை. நன்னூல் படித்தவர்கள் இருக்கும் குழுவில் இதையும் நான்தான் சொல்லவேண்டுமா? சுவடியும் இதே வேர்தான்: ஓலையில் எழுத்தாணி விட்ட தடம்.

———

> சுவடியும் இதே வேர்தான்

இல்லை. சுவடு என்றால் இணை என்றும் பொருளுண்டு. ஏடுகளைச் சேர்த்துக் கட்டியதால் சுவடி. இதைப் போன வருடமே பேசிவிட்டோம்.

———

சுவடி கிடக்கட்டும். குறிப்பில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: டச், கோப்புகளை உருவாக்கும் கட்டளைக்குப் பின்னால்தான் வரவேண்டும். முன்னால் வைத்தால், வேலை பாதியில் தோற்றாலும் அடுத்த முறை மேக் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் இதில் போயிருக்கிறது எனக்கு.

———

நன்றி, டச் வரிசையைச் சேர்த்துவிட்டேன். டைம்ஸ்டாம்ப்புக்கு 'நேரமுத்திரை' பழகிவிட்டதால் 'முத்திரைக் கோப்பு' என்றே போகிறது. எழுதியவர்களில் மூவருக்கு அதில் மறுப்பில்லை. சுவட்டுக் கோப்பை அடைப்புக்குறியில் தருகிறேன்.

———

பொறியை அடைப்புக்குறியில்கூடக் காணோம். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.