ஒரே அடுப்படியில் இரண்டு பேர், இப்போது கல்யாணப் பேச்சு. என்ன செய்வது?

தோசைக்கல்36:
திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்கள் சாப்பிட வரும் ஒரு மெஸ்ஸில் 4 வருடமாக டிபன் போடுகிறேன். வீட்டுக்காரர் தவறி 6 வருடம் ஆகிறது, மகள் ஐந்தாவது படிக்கிறாள். விடிகாலை 4 மணியிலிருந்து 11 வரை நான், 10 மணிக்குச் சாப்பாட்டு மாஸ்டர் வந்துவிடுவார், சேர்ந்து நிற்பது அந்த ஒரு மணி நேரம்தான். நான் போன பிறகு அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என ஊறவைத்து, சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்துவிட்டுப் போவது அவர், அது அவர் வேலையே இல்லை. என் தோசைக்கல்லில் அவர் ஒரு நாள்கூட முட்டை ஊற்றியதில்லை. போன வாரம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே தனியாகக் கடை போடலாமா என்றார், நான் சரி என்பதற்குள் "கடை மட்டும் இல்லை" என்றார். முதல் மனைவியோடு தீர்ந்துவிட்டதாம். கடைக்கு மட்டும் சரி சொல்லி மற்றதைத் தள்ளிப்போடலாமா?

நொய்யல்கரை:
தீர்ந்துவிட்டது என்றால் எங்கே? ஊர்ப் பெரியவர்கள் எழுதிக்கொடுத்த தாளை நம்பி இறங்காதீர்கள், கோர்ட் தீர்ப்பு நகலைக் கேளுங்கள். ஒருவர் கேஸ் போட்டு வாங்கிய தீர்ப்பு என்றால் அப்பீல் காலம் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். கல்யாணம் செய்தால் 90 நாளுக்குள் பதிவும் செய்துவிடுங்கள், தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி அது கட்டாயம்.

தள்ளுவண்டி:
தங்கச்சி, நானும் வீட்டுக்காரியும் 11 வருடமாக ஒரே வண்டியில் நிற்கிறோம். சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்று இன்றைக்கும் சண்டைதான், கரண்டி யார் கையில் இருக்கிறதோ அன்று அவர் சொன்னதுதான். கடை வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும், அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டது என்று எழுதி வையுங்கள். கல்யாணமே வேண்டாம் என்றாலும் அதைச் செய்யுங்கள்.

மாவுக்கட்டு:
மகளிடம் கேட்டீர்களா? அதற்கு முன்னால் ஊரிடம் கேட்டுவிட்டீர்களே 😄

தோசைக்கல்36:
கேட்டேன். "அந்த மாமா லெமன் சாதம் நல்லாப் பண்ணுவார்" என்றாள், அவ்வளவுதான். தீர்ப்பு நகலைக் கேட்டதற்குக் கோபப்படவில்லை, மறுநாளே மஞ்சள் கறை பட்ட கவரில் கொண்டுவந்து கொடுத்தார், இரண்டு பேரும் சம்மதித்து வாங்கியது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, அதற்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். நகலைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டுக்கும் சரி என்றேன். இன்று காலை இட்லியில் உப்பு தூக்கல், கல்லாவில் நாலு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரிடம் கேட்டால் எத்தனை கை போட்டேன் என்றே நினைவில்லை என்கிறார்.