கலைச்சொல் விவாதம்: புகைப்பவரின் மூச்சும் ‘அழற்சிமானி’யும்

அன்புடையீர்,

தொய்வு (ஆஸ்துமா) நோயாளர் வெளிவிடும் மூச்சிலுள்ள நைத்திரிக்கு ஒட்சைட்டு (nitric oxide) என்ற வாயுவை அளக்கும் கருவிக்குச் ‘சுவாச அழற்சிமானி’ என்று பெயரிடலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல் அழகானதுதான், ஆயினும் சிகரெட் பிடிக்கும் நோயாளி ஒருவர் அதில் ஊதியவுடன் அப்பெயர் பொய்த்துவிடும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

கருவி அளப்பது அழற்சியை அன்று. விநாடிக்கு 50 மில்லிலீற்றர் என்ற சீரான வேகத்தில் ஊதப்படும் காற்றின் நூறு கோடிப் பங்கில் அவ்வாயு எத்தனை பங்கு என்பதையே அது சொல்கிறது. அமெரிக்கத் தொராசிக் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, வளர்ந்தவர்களில் இவ்வெண் 25க்குக் குறைந்தால் இயோசின்நாடி (eosinophil) என்ற வெண்குருதிக்கலம் சார்ந்த அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு. 50ஐத் தாண்டினால் அதிகம். (இந்த ‘நாடி’ கைநாடியன்று, இயோசின் என்ற சாயத்தை நாடுவது. பாடநூல்கள் நமக்குத் தந்த நல்ல சொற்களுள் ஒன்று.) புகைப்பவரிடம் இக்கணக்குக் குழம்புகிறது. சிகரெட் புகையிலேயே நைத்திரிக்கு ஒட்சைட்டு மிகுந்திருப்பதால், சுவாசக்குழாய் தானாக அதை ஆக்கும் நொதியம் அடங்கிவிடுகிறது எனக் கருதப்படுகிறது. அழற்சியின் தன்மையும் சிலரிடம் மாறி, சளியில் நடுநிலைநாடிகள் (neutrophils) என்ற வேறுவகை வெண்குருதிக்கலங்கள் கூடுகின்றன. அவற்றை இவ்வாயு காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே ஒருவருக்கு முட்டு (மூச்சுத்திணறல்) இழுத்துக்கொண்டிருக்கும்போதே கருவி 12 என்று காட்டலாம்.

‘வெளிமூச்சு நைத்திரிக்கு ஒட்சைட்டளவு’ என்பதே என் முன்மொழிவு. நீளம் என்பீர்கள். ‘நைத்திரிக்கு’ என்பதை வெட்டினால், புகைப்பவர் மூச்சில் வேறொரு சோதனையால் அளக்கப்படும் காபனோரொட்சைட்டோடு (carbon monoxide) இது கலந்துவிடும். அங்கே எண் ஏறும், இங்கே இறங்கும்.

புகையால் எண் இறங்குவதற்கும் தனிச்சொல் தேவை. ‘புகைத்தணிவு’ வேண்டாம், காய்ச்சல் தணிந்தது என்றால் சுகம் என்றே நாம் கொள்கிறோம். ‘புகைமறைப்பு’ என்றால் அழற்சி அப்படியே இருக்க அளவு மட்டும் பொய்சொல்வதாகிவிடும். அழற்சியே உருமாறுவது விடுபட்டுப்போகும். ‘புகைத்தாழ்வு’ என்பதை நான் விரும்புகிறேன். ‘தாழ்வு’ இழிவைக் குறிக்காதோ என்று ஐயுறுவோருக்கு, எங்கள் திருகோணமலையில் நாளாந்தம் புழங்கும் ‘தாழமுக்கம்’ (காற்றழுத்தத் தாழ்வு) என்ற சொல்லை நினைவூட்டுகிறேன். அதில் ‘தாழ்’ இழிவையன்று, அளவு குறைவதையே குறிக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலி அறிவித்தால் எங்களூர் மீனவர் குடியிருப்பான திருக்கடலூரில் எவரும் வள்ளத்தை இறக்குவதில்லை. அமுக்கம் தாழ்ந்தது நல்லதுதானே என்று அங்கே ஒருவரும் எண்ணுவதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. புகைத்தலை விட்டவரிடம் இவ்வாயுவின் அளவு மீண்டும் உயரக்கூடும். அதை ‘ஏற்றம்’ என்று எழுதினால், சிகரெட்டை விட்டதால்தான் நோய் முற்றியது என்று அவர் அஞ்சக்கூடும். ‘மீள்வு’ என்றால் நோய் திரும்பிவிட்டதாகத் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.