ஸ்பீக்கர் காந்தமும் ஒரு ஒமேகாவும்: குன்னூர் கடையில் பார்த்தது

ரோலக்ஸ் மாதிரி பெரிய வாட்சைக் கையில் வாங்கிப் பார்த்த கதையைப் பலர் சொல்வார்கள், என் பங்குக்கு ஒரு ஒமேகா கதை. குன்னூர் மார்க்கெட் பக்கம் அப்பாவுக்கு வாட்ச் ரிப்பேர் கடை. ஒரு மேசை, ஒரு லைட், கண்ணில் மாட்டுகிற லென்ஸ், கடை அவ்வளவுதான்.

எங்களிடம் அடிக்கடி வருவது டீ ஃபேக்டரி ஆட்களின் சாவி கொடுக்கிற ஹெச்எம்டிகள். "அண்ணே, ஒரு நாளைக்கு பத்து நிமிஷம் ஃபாஸ்டா ஓடுது" என்பார்கள். தூள் சலிக்கிற இடத்தில் இரும்புத் துகளைப் பிடிக்கக் காந்தம் இருக்கும், நாள் முழுக்க அங்கேயே கை போய் வந்தால் வாட்சுக்குள் இருக்கிற மயிரிழை மாதிரியான சுருள் கம்பி, ஹேர்ஸ்பிரிங், காந்தமேறி அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி அது ஆட்டுகிற பேலன்ஸ் வீல் என்ற சக்கரம் அவசரமாக ஆடும். அப்பா என் பழைய ஸ்கூல் திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் வைப்பார். முள் ஆடினால் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். காந்தத்தை எடுக்கிற கருவியான டீமேக்னடைசரின் பட்டனை அழுத்தியபடி வாட்சை அதிலிருந்து மெதுவாக விலக்குவார், முடிந்தது.

போன மே சீசனில் எஸ்டேட் பங்களாவில் தங்க வந்த ஒருவர் செயினில் ஒரு கண்ணி எடுக்கச் சொல்லி சாவி கொடுக்காமல் கை அசைவிலேயே ஓடுகிற ஒமேகா ஆட்டோமேட்டிக் ஒன்றைக் கழற்றி வைத்தார். டயலில் மாஸ்டர் குரோனோமீட்டர் என்று இருந்தது. பின்மூடி கண்ணாடி, கை அசைவில் சுற்றி சாவி ஏற்றுகிற ரோட்டார் சுழல்வது தெரிகிறது. 15,000 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) வரை காந்தம் தாங்கும் என்றார். அப்பா நம்பவில்லை. அவருக்குத் தெரிந்தது 1956இல் வந்த ரோலக்ஸ் மில்காஸ் மாதிரி, மெஷினைச் சுற்றி மென் இரும்புக் கூடு போட்டது, அதுவே 1,000 காஸ்தான். இதில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறதே, கூடு எங்கே?

கூடே கிடையாது. ஹேர்ஸ்பிரிங் சிலிக்கான், மற்ற முக்கியமான பாகங்களும் காந்தம் பிடிக்காத பொருட்கள். காந்தத்தைத் தடுப்பதற்குப் பதில், அது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

"சார், காந்தம் வச்சுப் பாக்கலாமா?"

"தாராளமா வைங்க."

முதலில் டைமிங் மெஷின், வாட்சின் தட்டலைக் கேட்டு அது எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டுகிற கருவி. நாளைக்கு 3 செகண்ட் கூட என்று காட்டியது. அப்புறம் ஒரு பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தின் மேல் பத்து நிமிஷம் வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் அதே 3. அப்பா மெஷினை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

சத்தமும் வேறு. ஹெச்எம்டி ஜனதா நொடிக்கு 5 தட்டு, இது 7. உள்ளே இருப்பது ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மென்ட் (எஸ்கேப்மென்ட் என்பது சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடுகிற பகுதி), ஒமேகா அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999இல். சாதா வாட்சில் சக்கரத்தின் பல்லும் அதைத் தடுக்கிற கல்லும் உரசி வழுக்கும், அந்த இடத்துக்கு எண்ணெய் கட்டாயம், ஊட்டியின் ஜனவரிக் குளிரில் பழைய எண்ணெய் கெட்டியாகி வாட்ச் சோர்ந்துபோவதை நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம். இதில் வழுக்கலைக் குறைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி செய்திருப்பதால் எண்ணெயை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. கோணிப்போன ஹேர்ஸ்பிரிங்கை ட்வீசரால் நீவி நேராக்குவதில்தான் அப்பாவுக்கு இந்தப் பக்கம் பேர். சிலிக்கானிடம் அது நடக்காது, மீறினால் ஒடிந்துவிடும், மாற்றத்தான் வேண்டும். அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை, கண்ணி எடுத்ததற்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஒமேகாக்காரர் போன பிறகு மேசையை ஒதுக்கும்போதுதான் பார்த்தேன், அந்த ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டியே என் திசைகாட்டி கிடந்திருக்கிறது. வடக்கு காட்ட வேண்டிய சிவப்பு முனை தெற்கே திரும்பி நிற்கிறது. வேறு வாங்கலாம் என்றால், முள் ஆடினால் போதும், திசை எனக்கு எதுக்குடா என்று அப்பா இன்னும் அதையேதான் வைத்திருக்கிறார்.