ரெய்க்யவிக் பங்க் மியூசியம் போலாமா?

கேள்வி: ஐஸ்லாந்து போறோம். ரெய்க்யவிக்ல பழைய பப்ளிக் டாய்லெட்டுக்குள்ள ஒரு பங்க் (வேகமான, முரட்டுத்தனமான ராக் இசை) மியூசியம் இருக்காமே, நேரம் ஒதுக்கிப் போற அளவுக்கு இருக்கா? எனக்கு ஐஸ்லாந்து பாடகி பியோர்க் மட்டும்தான் தெரியும், பங்க் பத்தி சுத்தமா தெரியாது.

பதில்: கண்டிப்பா போங்க! பாங்காஸ்ட்ரைட்டி தெருவுல படி இறங்கினா தரைக்கு அடியில இருக்கு, ரொம்ப குட்டி இடம், 2016ல செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற இங்கிலாந்து பங்க் பேண்டோட பாடகர் ஜான் லைடன் வந்து திறந்து வச்சாரு. டாய்லெட் தடுப்புங்க இருந்த இடத்துலயே போட்டோ, போஸ்டர்னு சுவர் முழுக்க ஒட்டி வச்சிருக்காங்க, மேலேர்ந்து தொங்குற ஹெட்போனைப் பிடிச்சு இழுத்து காதுல மாட்டிக்கிட்டு அப்படியே நின்னு கேக்கலாம், எனக்கு அங்கேர்ந்து கிளம்பவே மனசு வரல.

பதில்: பியோர்க் தெரிஞ்சா போதுங்க. அவங்க டீனேஜ்லயே தாப்பி டீகாராஸ்ங்கற பங்க் பேண்ட்ல பாடினவங்க, அப்புறம் குக்ல், 1986லேர்ந்து சுகர்க்யூப்ஸ்னு பேண்டுங்கள்ல பாடினாங்க. ஐஸ்லாந்து பாடகர் புப்பி மார்டென்ஸோட உதாங்கார்ட்ஸ்மென் பேண்டையும் கேட்டுட்டுப் போங்க, அங்க இருக்கறது இன்னும் நல்லா புரியும்.

கேள்வி கேட்டவர்: சூப்பர், ரொம்ப நன்றி! குழந்தைங்கள கூட்டிட்டுப் போலாமா?

பதில்: தாராளமா. ட்ரம்ஸ், கிடார் எல்லாம் தொட்டு வாசிக்க விடறாங்க, லெதர் ஜாக்கெட் மாட்டி போட்டோ எடுத்துக்கலாம். படி மட்டும் பாத்து இறங்குங்க.