ஆர்லாண்டோ டிஸ்னில எதை வாங்காம விடலாம்?

மக்களே, லீவுக்கு பசங்களோட ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போறோம், அங்க இருக்குற பார்க்குல மேஜிக் கிங்டமும் எப்காட்டும்தான், சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் வழி சொல்லுங்க. அந்த பெரிய டர்க்கி லெக் (வான்கோழிக் கால்) இருக்குல்ல, கையில பிடிச்சா கெத்தாதான் இருக்கும் ஆனா ஒரே உப்பு, தோலு ரப்பர் மாதிரி இழுக்கும், பாதி குப்பைக்குத்தான் போகும்னு அண்ணி சொல்றாங்க, நிஜமாவா? மிக்கி ப்ரெட்ஸல் (மிக்கி மவுஸ் மூஞ்சி ஷேப்ல வர்ற உப்பு ரொட்டி) எப்படி? டோல் விப் அன்னாசி ஐஸ்க்ரீமுக்கு அந்த வெயில்ல க்யூல நிக்கலாமா? எப்காட்ல 11 நாட்டு பெவிலியன்ல (ஒவ்வொரு நாட்டுக்கும் தனியா ஒரு பகுதி) எந்தக் கடைய கண்ண மூடிட்டு தாண்டிப் போகணும்? மாமியார் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டாங்க. வெளிச்சாப்பாடு உள்ள விடுறாங்க, கண்ணாடி பாட்டில் கூடாது, அதனால அவங்களுக்கு புளியோதரை கட்டிடுவேன் (பசங்க அத தொடாதுங்க). டாலர் கொட்டி ஏமாந்த ஐட்டம் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.